டிரா ஷாட்டில் கியூவைப் பிடிக்கும் கை எப்போது இறுகுகிறது? மணிக்கட்டை அசைக்கலாமா?

நீலச்சாக் (ஞாயிறு, இரவு 10:20)

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாகச் சென்னையில் ஒரு கிளப்பில் ஒன்பது அடி மேசையில் பூல் (பில்லியர்ட்ஸ் வகை ஆட்டம்) ஆடிவருகிறேன். வலது கைப் பழக்கம். இரண்டு மாதங்களுக்கு முன் என் கியூவின் (பந்தை அடிக்கும் கோலின்) முன்பாதியான பழைய ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு, விலகல் குறைந்த புதிய ஷாஃப்ட் ஒன்றை மாட்டினேன். அன்றிலிருந்து நேரான டிரா ஷாட் (இலக்குப் பந்தில் மோதியதும் வெள்ளைப் பந்து பின்னோக்கித் திரும்பும் அடி) எனக்குச் சரியாக அமையவில்லை.

வெள்ளைப் பந்துக்கும் இலக்குப் பந்துக்கும் ஒரு மீட்டர் இடைவெளி, இலக்குப் பந்திலிருந்து பாக்கெட்டுக்கு இன்னும் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். மெதுவாக அடிக்கும்போது இலக்குப் பந்து நேராக விழுகிறது. வெள்ளைப் பந்தை இரண்டடி பின்னால் இழுக்க வேண்டும் என்று சற்று வேகம் கூட்டினால், இலக்குப் பந்து பாக்கெட்டின் இடது தாடையில் (குழி வாயின் ஓரத்தில்) மோதி நின்றுவிடுகிறது. வெள்ளைப் பந்தோ நேராகத் திரும்பாமல் என் வலப்பக்கமாக ஒதுங்கி, அதுவும் அரையடி வந்து நின்றுவிடுகிறது. பத்து முறை அடித்தால் ஆறு முறை இப்படித்தான் ஆகிறது.

கிளப்பில் இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர், “பிடியை நன்றாகத் தளர்த்து, கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடி” என்றார். இன்னொருவர், “அடிக்கும் கணத்தில் மணிக்கட்டைச் சுண்டு, அப்போதுதான் பந்து பின்னால் வரும்” என்றார். இரண்டையும் சேர்த்துச் செய்து பார்த்ததில் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. தளர்ந்த பிடியில் மணிக்கட்டைச் சுண்டப் போனால், பந்தை எட்டுவதற்கு முன்பே விரல்கள் தாமாக இறுகிக்கொள்கின்றன.

பிடியின் இறுக்கம் உண்மையில் பந்தை எந்த வழியில் பாதிக்கிறது, மணிக்கட்டின் பங்கு என்ன என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய மேசை (திங்கள், காலை 7:05)

நீலச்சாக் தம்பிக்கு வணக்கம். நான் முப்பது ஆண்டுகளாக ஸ்னூக்கர் ஆடுபவன். பூல் கொஞ்சம்தான் ஆடியிருக்கிறேன். என்றாலும் கையும் கியூவும் இரண்டுக்கும் பொதுவானவை என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னதில் விரல்கள் “தாமாக” இறுகுகின்றன என்ற சொல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிடி தளர்வாக இருக்கிறதா இறுக்கமாக இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அந்தக் கேள்வியையே கேட்பதில்லை. பின்னிழுப்பில் இருந்த அதே இறுக்கம் முன்வீச்சிலும் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். சற்று இறுக்கமாகப் பிடித்தே ஆயுள் முழுவதும் நன்றாக ஆடியவர்களைக் கண்டிருக்கிறேன். பாதி வழியில் பிடியை மாற்றிக்கொண்டு நேராக அடித்தவர் ஒருவரைக்கூட நான் கண்டதில்லை.

இறுக்கம் மாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். கியூ பின்னால் போய் நின்று, முன்னால் திரும்பத் தொடங்கும் அந்தத் திருப்பத்தில் மனம் “இப்போது பலமாக அடிக்க வேண்டும்” என்று நினைக்கிறது. உடனே உள்ளங்கை மூடிக்கொள்கிறது. அதைத் தடுக்கத்தான் ஸ்னூக்கரில் பின்னிழுப்பின் முடிவில் ஒரு சிறு நிறுத்தம் வைக்கச் சொல்வார்கள். அந்த நிறுத்தத்தில் கை அமைதியடைகிறது, அவசரம் விலகுகிறது.

மணிக்கட்டைச் சுண்டும் வேலையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள் என்பது என் யோசனை. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்த வளையத்தில் கியூ படுத்திருக்கட்டும். மோதிரவிரலும் சுண்டுவிரலும் பின்னிழுப்பில் தாமாகத் திறந்து, முன்வீச்சில் தாமாக மூட வேண்டும்.

சுண்ணக்கட்டி (திங்கள், மாலை 6:40)

நான் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவள், வார இறுதிகளில் பூல் ஆடுபவள். நீலச்சாக் கேட்ட “எந்த வழியில்” என்ற கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லிப் பார்க்கிறேன். வகுப்பில் பந்து மோதலை நடத்தும்போதெல்லாம் கியூவைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். பில்லியர்ட்ஸ் பந்தின் இயக்கத்தைக் கணிதமாக்கி கொரியோலிஸ் 1835-இலேயே முழு நூல் எழுதியிருக்கிறார் என்பதால் இது பழைய துறைதான்.

கியூவின் நுனியான டிப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் சுமார் ஒரு மில்லி விநாடி, அதாவது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1998-இல் அமெரிக்காவின் ஜாக்சன்வில்லில் அதிவேகக் கேமராவைக் கொண்டு ஆட்டக்காரர்கள் சிலர் இதைப் படமெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சாதாரணமான பூல் கியூ 19 அவுன்ஸ், ஏறத்தாழ 540 கிராம். பந்து 6 அவுன்ஸ், ஏறத்தாழ 170 கிராம். கியூ விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வந்து பந்தின் நடுவில் மோதினால், பந்து கிட்டத்தட்ட 4 மீட்டர் வேகத்தில் கிளம்பும். கியூவின் வேகம் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்துவிடும். முன்னே போகும் பந்தைப் பின்னே வரும் மெதுவான கியூ மறுபடி பிடிக்க முடியாது. ஆகவே “பந்தோடு கூடவே போ” என்று சொல்வது கைக்கு நல்ல அறிவுரையாக இருக்கலாம், ஆனால் பந்துக்கு அது நடப்பதே இல்லை.

இப்போது விசையைப் பாருங்கள். 170 கிராம் பந்தை ஒரு மில்லி விநாடியில் அந்த வேகத்துக்குக் கொண்டுவர டிப் கொடுக்கும் சராசரி விசை 65 கிலோ எடைக்கும் மேல். அதே கியூவை 25 செ.மீ. தூர முன்வீச்சில் 3 மீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர உங்கள் கை கொடுக்கும் விசையோ சுமார் ஒரு கிலோ எடை அளவுதான். மோதும் கணத்தில் நீங்கள் எவ்வளவு இறுக்கினாலும், பந்துக்குக் கிடைக்கும் உந்தத்தில் அதன் பங்கு நூற்றில் இரண்டோ மூன்றோதான். கையின் எடை கியூவோடு சேர்ந்துகொள்ளாதா என்று கேட்பார்கள். மரத்தில் ஓடும் அதிர்வு அந்த நேரத்துக்குள் கையை எட்டிவிடும் என்பது உண்மையே. ஆனால் விரல்களின் சதை ஒரு மெத்தையைப் போல நடுவில் இருப்பதால், கையின் எடை மோதலில் சேர நேரம் போதாது.

ஆகவே மோதலின்போது பிடி எப்படி இருந்தது என்பது பந்துக்கு ஏறக்குறைய பொருட்டே இல்லை என்று நான் துணிந்து சொல்வேன். அதற்கு முந்தைய கால் விநாடியில் பிடி என்ன செய்தது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. டிப் எந்த இடத்தில், எந்தத் திசையில், எந்த வேகத்தில் வந்து சேர்ந்தது? பந்துக்குத் தெரிவது இந்த மூன்று மட்டுமே.

மூன்றாம் குஷன் (திங்கள், இரவு 11:55)

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். சுண்ணக்கட்டி அம்மாவின் கணக்கில் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் மேசையில் நான் உணர்வது வேறாக இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மணிக்கட்டை அசைக்காமல் அடிக்கும்போது எனக்கு டிரா இரண்டடி வந்தால், மணிக்கட்டைச் சேர்த்து அடிக்கும்போது நான்கடி வருகிறது. நான் கையில் கூடுதல் பலம் எதுவும் போடுவதில்லை. எஃப்ரன் ரெய்ஸ் ஆடுவதைப் பாருங்கள். பிலிப்பைன்ஸில் பிறந்து, 1999-இல் கார்டிஃபில் உலக ஒன்பது பந்துப் பட்டத்தை வென்றவர். பிரிட்ஜை (கியூவின் முன்பகுதியைத் தாங்கும் கைக்கும் டிப்புக்கும் உள்ள இடைவெளியை) நீளமாக வைத்துக்கொண்டு, கியூவின் பின்பகுதியை விரல்களில் தொங்கவிட்டதுபோலப் பிடிப்பார். டிப் பந்தின் அடியில், துணியைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்து கிடக்கும். பின்னிழுப்பில் அவர் மணிக்கட்டு அலைபோல மடங்கி விரியும். அந்தக் கையை “தவறான பழக்கம்” என்று யாராவது சொல்ல முடியுமா? எங்கள் பக்கத்தில் பலரும் அவர் ஆட்டத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம். கை செத்ததுபோல விறைத்திருந்தால் பந்தில் உயிர் இருக்காது என்பது எங்கள் நம்பிக்கை.

பழைய மேசை அண்ணன் சொல்லும் நிறுத்தமும் விரல் திறப்பும் ஸ்னூக்கருக்கு மிகச் சரி. அங்கே மேசை பெரிது, பந்து சிறிது, பாக்கெட் குறுகலானது, ஆகவே துல்லியமே எல்லாம். பூலில் பந்து பெரியது, கனமானது. வெள்ளைப் பந்தை மேசை முழுவதும் ஓட்ட வேண்டியிருக்கிறது. அதற்கு மணிக்கட்டு வேண்டும்.

சுண்ணக்கட்டி (செவ்வாய், மாலை 7:15)

மூன்றாம் குஷன் சொல்லும் நான்கடியை நான் முழுமையாக நம்புகிறேன். அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம்.

மணிக்கட்டு இரண்டு விதங்களில் உதவலாம். ஒன்று, மோதலுக்கு முன்பே கியூவின் வேகத்தைச் சற்றுக் கூட்டுவது. இதை நான் மறுக்கவில்லை. முன்கை என்ற கீலின் முனையில் இன்னொரு கீல் சேர்ந்தால், அதே உழைப்பில் கூடுதல் வேகம் கிடைக்கும். இரண்டாவதுதான் பெரியது என்று நினைக்கிறேன். மணிக்கட்டு தளர்ந்திருப்பவருக்கு டிப் தாம் குறிவைத்த தாழ்வான இடத்திலேயே போய்ச் சேர்கிறது. இறுகிய கையோடு அடிப்பவருக்கு அது உயர்ந்துவிடுகிறது.

இதற்கும் கணக்கு உண்டு. பந்தின் ஆரம் 28.6 மி.மீ. நடுவிலிருந்து ஆரத்தில் பாதிக்கு மேல், அதாவது ஏறத்தாழ 14 மி.மீ.க்குக் கீழே போனால் டிப் வழுக்கிவிடும் என்பதால், நல்ல டிராவுக்கு 11, 12 மி.மீ. கீழே குறிவைப்போம். டிப்பிலிருந்து பிரிட்ஜ் 25 செ.மீ., பிரிட்ஜிலிருந்து பிடிக்கும் கை 85 செ.மீ. என்று வையுங்கள். பிரிட்ஜ் கை ஒரு நடுத்தாங்கி, கியூ சிறுவர்கள் ஆடும் ஏற்றப்பலகை (சீசா). இறுகிய பிடி விரல்களோடு நிற்பதில்லை, முன்கை வழியாகத் தோள்வரை ஏறுகிறது. தோள் இறுகியவருக்கு முழங்கை முன்கூட்டியே கீழே இறங்கும். அதனால் பிடிக்கும் கை 2 செ.மீ. தாழ்ந்தால் டிப் 6 மி.மீ. உயர்கிறது. 12 மி.மீ. கீழே அடிப்பதாக நினைத்தவர் உண்மையில் 6 மி.மீ. கீழேதான் அடிக்கிறார். ஒரு மீட்டர் தூரம் துணியில் உராய்ந்து போவதற்குள் அந்தச் சொற்பப் பின்சுழற்சி பெரும்பாலும் கரைந்துவிடும். நீலச்சாக்கின் அரையடி டிரா இதுதான்.

பக்கவாட்டு விலகலுக்கும் அதே ஏற்றப்பலகைதான் காரணம். வலது கைக்காரர் உள்ளங்கையை மூடும்போது மணிக்கட்டு உடலை நோக்கி உள்ளே மடங்கினால், கியூவின் பின்பகுதியான பட் இடப்பக்கம் வருகிறது, டிப் வலப்பக்கம் போகிறது. கை ஒரே ஒரு செ.மீ. நகர்ந்தால் டிப் 3 மி.மீ. நகரும். பந்தில் வலச்சுழற்சி ஏறிவிட்டது, கியூவும் வலப்பக்கம் காட்டுகிறது.

இங்கேதான் புதிய ஷாஃப்ட் வருகிறது. நடுவுக்கு வலப்புறம் அடிபட்ட பந்து, கியூ காட்டும் திசையிலிருந்து சற்று இடப்பக்கம் விலகித்தான் கிளம்பும். முனைப்பகுதி கனமான பழைய ஷாஃப்ட்டில் இந்த விலகல் அதிகம். கியூ வலப்பக்கம் திரும்பியதையும் பந்து இடப்பக்கம் விலகுவதையும் கூட்டிக் கழித்தால் ஏறக்குறைய நேராகப் போய்விடும். உங்கள் பிடியின் பிழையைப் பழைய ஷாஃப்ட் இத்தனை ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தது. 1990களில் பிரிடேட்டர் நிறுவனம் தொடங்கிவைத்த, முனைப்பகுதி இலேசான ஷாஃப்ட் வகைகளில் விலகல் குறைவு. ஆகவே கியூ வலப்பக்கம் காட்டினால் பந்தும் வலப்பக்கமே போகிறது. இலக்குப் பந்தின் வலப்புறத்தில் மோதுகிறது, இலக்குப் பந்து இடது தாடைக்குப் போகிறது, வெள்ளைப் பந்து வலப்பக்கம் ஒதுங்கித் திரும்புகிறது. நீங்கள் எழுதியது அப்படியே பொருந்துகிறது. ஷாஃப்ட்டைக் குறை சொல்லாதீர்கள்.

நீலச்சாக் (செவ்வாய், இரவு 10:50)

அம்மா, இதைப் படித்துவிட்டு உடனே கிளப்புக்குப் போனேன். நண்பர் ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து, கைபேசியில் விநாடிக்கு 240 படங்கள் என்ற மெதுவோட்டத்தில் என் பிடியை மட்டும் எடுக்கச் சொன்னேன். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நான்கு மில்லி விநாடி இடைவெளி என்பதால் மோதல் படத்தில் சிக்கவே இல்லை. ஒரு படத்தில் டிப் பந்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது, அடுத்ததில் பந்து போய்விட்டது. நீங்கள் சொன்ன மில்லி விநாடி எவ்வளவு சிறியது என்பது அப்போதுதான் உறைத்தது.

கையில் கண்டதை எழுதுகிறேன். பின்னிழுப்பு முழுவதும் சுண்டுவிரலுக்கும் கியூவுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. கியூ பின்னால் நின்றதும் அந்த வெளிச்சம் மறைகிறது. அடுத்த சில படங்களில் நடுவிரல் கணு வெளுக்கிறது, கட்டைவிரலின் நகம் கியூவின் மேற்புறத்திலிருந்து உள்பக்கமாகச் சரிகிறது. டிப் அப்போது பந்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. மெதுவான ஷாட்டுகளில் நகம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இதை நான் ஒருநாளும் உணர்ந்ததில்லை.

ஒரு கேள்வி. “அதே இறுக்கம்” என்றால் எந்த இறுக்கத்தில் தொடங்குவது?

பழைய மேசை (புதன், காலை 6:50)

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். நகம் சரிவதைப் படமெடுத்துப் பார்த்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

தொடக்க இறுக்கத்துக்கு நான் ஒரு வீட்டுப் பாடம் சொல்வதுண்டு. அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்றை மூலையில் பிடித்து, கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, விழாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் விரல்களை மடக்குங்கள். கியூவின் எடையில் பெரும்பகுதியைப் பிடிக்கும் கைதான் தாங்குகிறது. அதுவும் ஏறத்தாழ அரைக் கிலோதான் வரும். பால் பாக்கெட்டை யாரும் நசுக்கிப் பிடிப்பதில்லை. விழுந்துவிடுமோ என்று பயப்படுவதும் இல்லை. அந்த விரல்களை நினைவில் வைத்துக்கொண்டு கியூவைப் பிடியுங்கள். கோழிக்குஞ்சு உவமை எனக்கு உவப்பானதல்ல. குஞ்சை நினைத்துப் பிடிப்பவர் பயத்தில் மிகத் தளர்த்திவிடுகிறார். வேகம் கூட்டும்போது கியூ நழுவப் பார்க்கிறது, கை பதறி இறுக்குகிறது. உங்களுக்கு நடந்தது அதுவாகவும் இருக்கலாம்.

மணிக்கட்டைப் பற்றி இப்போது சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் நானும் மூன்றாம் குஷனும் ஒரே சொல்லை இரண்டு பொருளில் பயன்படுத்துகிறோம் என்று தோன்றுகிறது. மணிக்கட்டு என்று நாம் சொல்லும் இடத்தில் மூன்று அசைவுகள் உண்டு. கையைத் தொங்கவிட்டு நின்று செய்து பாருங்கள். கட்டைவிரல் முன்னோக்கி இருக்க, கையை முன்னும் பின்னும் ஆட்டுவது ஒன்று. சுத்தியலால் ஆணியைத் தட்டும்போது மணிக்கட்டு அசைவது இந்த வாக்கில்தான். உள்ளங்கைப் பக்கமாகவும் புறங்கைப் பக்கமாகவும் மடக்குவது இன்னொன்று, அது விசிறி வீசும் அசைவு. பூட்டில் சாவியைத் திருப்புவதுபோல முன்கையையே திருகுவது மூன்றாவது.

முதல் அசைவு கியூவின் நீள வாக்கிலேயே நடக்கிறது. அதனால் அதிகத் தீங்கில்லை. சொல்லப்போனால் அது இல்லாமல் ஆடவே முடியாது. முன்கை ஊஞ்சல்போல வட்டத்தில் ஆடுகிறது, கியூவோ மட்டமாக ஓட வேண்டும். பிடியைப் பூட்டிவிட்டால் பின்னிழுப்பில் பட் மேலே தூக்கும். அதைச் சமன்செய்யத்தான் மணிக்கட்டும் பின்விரல்களும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. விசிறி அசைவும் சாவி அசைவும் கியூவைக் கோட்டிலிருந்து பக்கவாட்டில் தள்ளுபவை. உங்கள் நகம் உள்பக்கம் சரிவது இந்த இரண்டின் கலவை. “மணிக்கட்டைச் சுண்டு” என்று கேட்டவுடன் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்வது விசிறி அசைவைத்தான். அதனால்தான் நான் அந்தச் சொல்லையே தவிர்க்கச் சொன்னேன். மூன்றாம் குஷன் சொல்லும் அலை முதல் அசைவு என்றால், எனக்கு அவரோடு சண்டையே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். குனிந்து நிற்கும்போதே மணிக்கட்டு உள்ளேயோ வெளியேயோ மடங்கியிருந்தால், வேகம் கூட்டும்போது அது தன் இயல்பு நிலைக்குத் திரும்பப் பார்க்கும். ஆகவே முதலில் கையை வெறுமனே தொங்கவிட்டு, அது தொங்கும் கோணத்திலேயே கியூவைக் கையில் வாங்குங்கள். கியூவை நேராக்குவதற்காக மணிக்கட்டை வளைக்காதீர்கள், காலை நகர்த்துங்கள்.

கடலோரம் (புதன், பிற்பகல் 2:30)

தூத்துக்குடியில் ஆடுபவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். இங்கே ஏப்ரல், மே மாதங்களில் உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருக்கும். கியூ நழுவும் என்ற பயமே பிடியை இறுக்குகிறது என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். என் கியூவில் சுற்றியிருந்தது ஐரிஷ் லினன். அது வியர்வையைக் குடித்துப் பளபளவென்று வழுக்கத் தொடங்கியிருந்தது. அதை எடுத்துவிட்டுத் தோல் உறை போட்டதும், ஒவ்வொரு முறையும் குனிவதற்கு முன் உலர்ந்த துண்டால் கையைத் துடைப்பதும், மணிக்கட்டுப் பயிற்சிகள் எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் உதவின. முகப்பவுடரைப் பிடிக்கும் கையில் போடாதீர்கள், வழுக்கல் கூடும்.

மூன்றாம் குஷன் (புதன், இரவு 11:10)

பழைய மேசை அண்ணன் மூன்று அசைவுகளைப் பிரித்துச் சொன்னது எனக்கும் தெளிவைக் கொடுத்தது. நான் சொன்னது முதல் அசைவுதான். நானாகச் சுண்டுவதில்லை, அது தானாக நடக்க விடுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அதுபோல, நான் கூடுதலாகப் பெறும் இரண்டடியில் எவ்வளவு வேகத்தால், எவ்வளவு தாழ்வான அடியால் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தாழ்வான அடி என்ற விளக்கம் பொருத்தமாகவே இருக்கிறது.

ஆனாலும் ஒரே கை எல்லோருக்கும் பொருந்தும் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. அமெரிக்காவில் கவ்பாய் ஜிம்மி மூர் என்ற பழைய வீரர் “ஸ்லிப் ஸ்ட்ரோக்” ஆடுவார். முன்வீச்சுக்கு முன் கை கியூவின் மேல் பின்னோக்கி வழுக்கி வேறிடத்தில் பிடிக்கும். இறுக்கம் மாறக் கூடாது என்ற விதியையே அது மீறுகிறது, ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி மீறுகிறது. மறுபக்கம், ஸ்னூக்கரிலிருந்து 1995-இல் பூலுக்கு வந்த அலிசன் ஃபிஷரின் கையில் தேவையற்ற அசைவு ஒன்றைக்கூடக் காண முடியாது. அவர் உலக ஒன்பது பந்துப் பட்டத்தை நான்கு முறை வென்றார். நீலச்சாக் இப்போது ஃபிஷரின் வழியில் போவதே நல்லது. ரெய்ஸின் கை பல்லாயிரம் மணி நேரத்தில் தானாக வந்த கை, வெளியே தெரியும் அலையை மட்டும் எடுத்து ஒட்டவைத்துக்கொள்ள முடியாது. இதை நான் என் சொந்தத் தோல்விகளிலிருந்து சொல்கிறேன்.

நீலச்சாக் (மூன்று வாரங்களுக்குப் பின், சனி, இரவு 9:30)

தாமதத்துக்கு மன்னியுங்கள். எழுதுவதற்கு முன் அளந்துவிட வேண்டும் என்று காத்திருந்தேன்.

வெள்ளைப் பந்துக்குப் பதிலாகக் கோடு போட்ட 11-ஆம் எண் பந்தை வைத்தேன். எண் எழுதிய வெள்ளை வட்டம் என்னைப் பார்த்திருக்கும்படி, கோடு செங்குத்தாக நிற்கும்படி வைத்து, வட்டத்தின் கீழ் விளிம்பைக் குறிவைத்து அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் முன் டிப்பில் புதிதாகச் சாக் (நீலச் சுண்ணம்) தடவினேன். அடித்த பிறகு பந்தை எடுத்துப் பார்த்தால், டிப் தொட்ட இடத்தில் நீலநிறத்தில் சிறு பிறை ஒன்று பதிந்திருக்கும். இடத்தைக் குறித்துக்கொண்டு, துடைத்துவிட்டு, மறுபடி வைப்பேன்.

முதல் நாள் மெதுவான இருபது அடிகளில் பிறைகள் எல்லாம் வட்டத்தின் கீழ் விளிம்பையே சுற்றியிருந்தன. வேகமான இருபதில் பதினான்கு, வட்டத்துக்கு உள்ளேயே, வலப்பக்கம் ஏறி இருந்தன. சுண்ணக்கட்டி அம்மா கணக்கில் சொன்ன உயர்வும் வலப்பக்க நகர்வும் ஒரே பிறையில் சேர்ந்து தெரிந்தபோது, சற்று நேரம் அந்தப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். நான்கு ஆண்டுகளாக நான் அடிப்பதாக நினைத்த இடத்தில் அடிக்கவே இல்லை.

பிறகு பழைய மேசை ஐயா சொன்னபடி பின்னிழுப்பின் முடிவில் நிறுத்தம் வைத்தேன். முதல் வாரம் நிறுத்தத்திலேயே கை இறுகியது. நிற்கும்போது சுண்டுவிரல் இன்னும் திறந்திருக்கிறதா என்று மட்டும் கவனித்துவிட்டு முன்னே வருவது என்று வைத்துக்கொண்ட பிறகு மாற்றம் தெரிந்தது. வேகம் வேண்டுமென்றால் பலத்தைக் கூட்டாமல் பின்னிழுப்பை நான்கு விரல் அகலம் நீட்டினேன். கடலோரம் நண்பர் சொன்ன துண்டும் இப்போது இடுப்பில் இருக்கிறது. நேற்றைய வேகமான இருபதில் ஐந்து பிறைகள் மட்டுமே வலப்பக்கம் போயின. மற்றவை விளிம்பில் இருந்தன. டிரா இரண்டடியைத் தாண்டி வருகிறது, அதுவும் நேராக.

ஒரு சிக்கல் மட்டும் மீதமிருக்கிறது. வெள்ளைப் பந்து மேசையின் ஓரத் தடுப்பான குஷனை ஒட்டிக் கிடந்து, பிரிட்ஜ் கையைக் குஷன் கட்டையின் மேல் வைத்து, கியூவின் பின்பகுதியைச் சற்றுத் தூக்கி அடிக்கும்போது நகம் மறுபடியும் சரிகிறது. அங்கே பிரிட்ஜ் 15 செ.மீ.க்கும் குறைந்துவிடுவதால் பின்னிழுப்பை நீட்ட இடமில்லை. அந்த ஷாட்டையும் படமெடுத்து வைத்திருக்கிறேன். கியூவில் கையை இன்னும் முன்னால் நகர்த்திப் பிடிக்க வேண்டுமா என்று நாளை முயன்று பார்க்கிறேன்.

பழைய மேசை (ஞாயிறு, காலை 6:30)

முன்னால் நகர்த்துங்கள், ஒரு சாண் வரை. முன்கை செங்குத்தாகத் தொங்கும் இடம் எதுவோ அதுவே பிடிக்கும் இடம். பிரிட்ஜ் குறுகினால் அந்த இடமும் டிப்பை நோக்கி முன்னே வரும். நீங்கள் பழைய இடத்திலேயே பிடித்திருந்தால், மோதும்போது முன்கை இன்னும் செங்குத்தை எட்டியிருக்காது, மீதித் தூரத்தை மணிக்கட்டு இழுத்துப் போட்டிருக்கும். அந்தப் படத்தையும் இங்கே போடுங்கள், நகத்தைப் பார்க்க வேண்டும்.